முதல் எழுத்தை விழுங்கிய பெட்டி

நான் பார்த்த வேலைக்கு இப்போது வந்திருக்கும் சுகன்யா போன வாரம் போன் செய்தாள். பேசும் நூலகத்துக்குப் புதுக் கணினி வந்திருக்கிறதாம். ஒளி போகும் கேபிளைச் செருகினாளாம், உடனே பேசிவிட்டதாம். ஊற்றி வைத்த டீ கூட ஆறவில்லை என்றாள். எனக்கு வயிறு எரிந்தது, சிரிப்பும் வந்தது. ஆனால் அவள் போன் செய்த காரணம் வேறு.

"அக்கா, இங்க வர்ற பழைய ஆளுங்க எல்லாரும் கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்ததும் 'அடேய்'னு ஒரு வாட்டி சொல்லிட்டுத்தான் ஆரம்பிக்கிறாங்க. ஏன்னு கேட்டா சிரிக்கிறாங்களே தவிர சொல்ல மாட்டேங்குறாங்க. இன்னாக்கா அது?"

போனில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை, எழுதித் தருகிறேன் என்றேன். அதைத்தான் இப்போது எழுதுகிறேன்.

நான் நஸீமா. பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் படித்தேன். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் என் மாமு, அம்மாவின் தம்பி, வைத்திருந்த ரேடியோ, டேப் ரெக்கார்டர் பழுதுபார்க்கும் கடையில் சில வருடங்கள் சாலிடர் புகையைச் சுவாசித்தேன். அப்புறம் பெரிய காஞ்சிபுரத்தில், பட்டுக் கடைகளுக்குப் பின்னால் இருக்கும் தெருவில், ஓர் அறக்கட்டளை நடத்திய பேசும் நூலகத்தில் வேலை கிடைத்தது. பார்வையற்றவர்கள் வந்து புத்தகம் கேட்கும் இடம் அது. கேசட்டில் தொடங்கினோம், குறுந்தகட்டுக்குப் போனோம், கணினிக்கு வந்தோம். சத்தம் வர வேண்டிய இடத்தில் வர வைப்பதும், வரக்கூடாத இடத்தில் வராமல் பார்த்துக்கொள்வதும்தான் கடைசி வரை என் வேலை.

நூலகத்தின் பொறுப்பாளர் ஏகாம்பரம் சார். பிறவியிலேயே பார்வை இல்லாதவர். தறி வீட்டுப் பிள்ளை. வெள்ளை வேட்டி, முழுக்கைச் சட்டை, எப்போதும் கொஞ்சம் இடது பக்கம் சாய்ந்த தலை. வலது காதுதான் நல்ல காது என்பார். ஸ்பீக்கரோ பதிவுக் கருவியோ புதிதாக எது வந்தாலும் அவரிடம் ஒரே சோதனைதான். ராஜ வீதி டீக்கடையில் அவரே பதிவு செய்து வைத்திருந்த, டீ ஆற்றும் ஓசை. உயரத்திலிருந்து கிளாசுக்குள் டீ விழும்; கிளாஸ் நிறைய நிறையச் சத்தம் மெலிந்து மேலே ஏறும். அதைப் போடச் சொல்லிவிட்டு ஸ்பீக்கர் முன்னால் நிற்பார். கிளாஸ் நிறைந்துவிட்டது என்று தோன்றும் நொடியில் விரலால் மேசையைத் தட்டுவார். கருவி நல்லதாக இருந்தால், அவர் தட்டுவதும் டீக்காரர் கிளாஸைப் பலகையில் வைப்பதும் ஒன்றாக விழும். விழவில்லை என்றால் திட்ட மாட்டார். "டீ சிந்திடுச்சிமா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விடுவார். அப்புறம் அந்தக் கருவியின் திருகாணிகளைக் கழற்றாமல் நான் வீட்டுக்குப் போக முடியாது. அவர் வாயிலிருந்து வரக்கூடிய மிகப் பெரிய பாராட்டு "பரவால்ல".

கணினி வந்த பிறகு எங்கள் தலைவலி பக்கத்து வீட்டிலிருந்து வந்தது. அங்கே பட்டு நூலுக்கு முறுக்கேற்றும் மோட்டார்கள் ஓடும். அவை ஓடத் தொடங்கியதும் எங்கள் ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல் ஏறும். கணினி பேசும் தமிழில் உள்ள ம, ந, ன எல்லாம் அதில் மூழ்கிவிடும். சாருக்கு மோட்டார்கள் தனித்தனியாகத் தெரியும். இன்றைக்கு மூலையில் இருக்கும் பழைய மோட்டார் ஓடுகிறது, அதற்கு எண்ணெய் போட்டு நாளாகிறது என்பார். போய்க் கேட்டால் உண்மையாகவே இருக்கும். நான் எர்த் கம்பியை மாற்றினேன், வயரை மாற்றினேன், கணினியை எதிர்ச் சுவருக்கு நகர்த்தினேன். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் கணினிக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவே போகும் செம்பு வயரைப் பிடுங்கினேன். இரைச்சல் சட்டென்று நின்றது. அந்த வயர் வழியாகத்தான் அது வந்துகொண்டிருந்தது. ஆனால் வயரைப் பிடுங்கினால் பேச்சும் போய்விடுகிறதே.

அந்தச் சமயத்தில்தான், முன்பு எங்களிடம் புத்தகம் கேட்டுப் படித்து இப்போது வெளியூரில் நல்ல வேலையில் இருக்கும் ஒருவர், புது ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கர்களும் அனுப்பி வைத்தார். பின்பக்கம் ஒளி கேபிள் செருகும் சின்னத் துளை இருந்தது. எங்கள் கணினியிலும் குட்டிக் கதவு போட்ட அதே மாதிரித் துளை ஒன்று சும்மா கிடந்தது. ஒலியை எண்களாக்கி, எண்களைச் சிவப்பு வெளிச்சமாக்கி, நூல் மாதிரியான கேபிளில் அனுப்பும் ஏற்பாடு. செம்பே இல்லை, அதனால் இரைச்சல் ஏற வழியில்லை. இதை நான் சாரிடம் விளக்கியபோது அவர் வெகுநேரம் யோசித்தார்.

"சவுண்டு வெளிச்சமா மாறிப் போவுதா? வெளிச்சம்னா எப்படி இருக்கும்னே எனக்குத் தெரியாது. என் காதாண்ட வரும்போது திரும்ப சவுண்டா வந்துடுச்சின்னா சரிமா."

கேபிளைச் செருகினேன். ஒன்றுமே வரவில்லை. வெளிச்சம் கூட இல்லை.

கணினியில் ஓடியது லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம். திரையில் இருப்பதைத் தமிழில் படித்துச் சொல்லும் குரல் அதில் கிடைத்ததால் ஒரு தன்னார்வலர் வந்து போட்டுக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். மூக்கைப் பிடித்துக்கொண்டு தகர டப்பாவுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி ஓர் ஆண் குரல். வருகிறவர்கள் அதற்குத் தகர மாமா என்று பெயர் வைத்திருந்தார்கள். அந்த மாமாவை வெளிச்சத்தின் வழியாகப் பேச வைக்க வேண்டும்.

முதலில் கணினிக்கு இப்படி ஒரு வழி இருப்பது தெரியுமா என்று பார்த்தேன். ஒலி அட்டைகளைக் காட்டச் சொல்லும் கட்டளையை அடித்தால், வழக்கமான வழிக்குக் கீழேயே 'டிஜிட்டல்' என்று இன்னொன்றையும் காட்டியது. தெரிந்திருக்கிறது, ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. அடுத்தது ஆல்சா மிக்ஸர், ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கும் நிரல். கறுப்புத் திரையில் ஒவ்வொரு ஒலிக்கும் ஒரு தூண் நிற்கும். நான் பார்த்துக்கொண்டிருந்ததெல்லாம் திரையில் தெரிந்த தூண்களைத்தான். வலது அம்புக்குறியை அழுத்திக்கொண்டே போனால் திரைக்கு வெளியே இன்னும் தூண்கள் இருப்பதும், கடைசித் தூணின் காலடியில் இரண்டு 'எம்' எழுத்துகள் உட்கார்ந்திருப்பதும் தெரிந்தது. வாயைக் கட்டி வைத்திருக்கிறது என்று அதற்கு அர்த்தம். எம் விசையை ஒருமுறை தட்டினேன். இரண்டு எம்மும் இரண்டு சுழியாக மாறின. கணினியின் பின்னால் குனிந்து பார்த்தேன். குட்டிக் கதவின் இடுக்கில் குங்குமப் பொட்டு மாதிரி ஒரு சிவப்பு.

ஒலி அமைப்புக்குள் போய் வெளியீட்டையும் டிஜிட்டலுக்கு மாற்றினேன். டீ ஆற்றும் ஓசையைப் போட்டேன். பக்கத்து வீட்டில் எல்லா மோட்டார்களும் ஓடிக்கொண்டிருந்தன. எங்கள் கூடத்தில் ராஜ வீதி டீ மட்டும் விழுந்தது. சார் தட்டினார். கிளாஸும் விரலும் ஒன்றாக விழுந்தன. "பரவால்ல" என்றார். எனக்குப் பறக்கலாம் போல இருந்தது.

அதே சந்தோஷத்தில், சார் தன் பெயரைச் சொல்ல வைக்கச் சொன்னார். தட்டச்சு செய்தேன். தகர மாமா கணீரென்று சொன்னார்: "காம்பரம்."

அன்றிலிருந்து எங்கள் நூலகம் பைத்தியக்கார ஆஸ்பத்திரி ஆனது. பேச ஆரம்பிக்கும் ஒவ்வொரு முறையும் பெட்டி முதல் எழுத்தை விழுங்கியது. சில சமயம் முதல் சொல்லையே விழுங்கியது. செய்தித்தாளைப் படிக்கச் சொன்னால் 'அநியாய விலைக்கு விற்பனை' என்பதை 'நியாய விலைக்கு விற்பனை' என்று சொல்லும். 'சரி' என்ற சின்னச் சொல் முழுதாகவே காணாமல் போகும். பத்மா என்று ஒரு பெண் திருப்பருத்திக்குன்றத்திலிருந்து தினமும் ஷேர் ஆட்டோவில் வருவாள். பார்வை இல்லாதவள், ஜைனக் குடும்பம். பேருந்து நிலையத்தருகே புதிதாகச் சைவ உணவகம் திறந்திருக்கிறார்கள் என்று விளம்பரத்தில் கேட்டு, வீட்டில் போய்ச் சொல்லியிருக்கிறாள். அம்மாவும் அண்ணனும் ஆசையாகக் கிளம்பிப் போய், வாசலில் வந்த வாசனையிலேயே திரும்பிவிட்டார்கள். 'அ' எங்கள் ஆம்ப்ளிஃபயரின் வயிற்றில் இருந்தது.

சிரித்தாலும் சிக்கல் பெரியது. பத்மாவும் இன்னும் சிலரும் சேர்ந்து அரசு வேலைத் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருந்தார்கள். பத்மாவின் அண்ணன் தட்டச்சு செய்து கொடுத்த வினா விடைகளைத் தகர மாமா படிப்பார், இவர்கள் ஸ்பீக்கரைச் சுற்றி உட்கார்ந்து கேட்டு விவாதிப்பார்கள். ஒரு விடை சொல்லி, நிறுத்தி, யோசித்து, அடுத்த விடை. நிறுத்தி ஆரம்பிக்கும் ஒவ்வொரு தடவையும் ஓர் எழுத்து போனால், அநீதிக்கும் நீதிக்கும் வித்தியாசம் இல்லை. பழைய செம்பு வயருக்குத் திரும்பினால் இரைச்சல். தேர்வோ நெருங்கிக்கொண்டிருந்தது.

நடுவில் அறக்கட்டளையின் செயலாளர் ஒரு நாள் பார்வையிட வந்தார். உயரமான மனிதர், வீட்டில் தண்ணீர் கேட்டாலும் மேடையில் பேசுகிற மாதிரிதான் கேட்பார் என்று எங்களுக்குள் பேச்சு. தகர மாமா அவர் முன்னாலும் கூச்சமில்லாமல் விழுங்கினார். செயலாளர் முகம் சுளித்தார். இவ்வளவு நல்ல ஸ்பீக்கர்கள் இங்கே வீணாவதைவிட நம் கல்யாண மண்டபத்துக்குப் போவது நல்லது, வெள்ளிக்கிழமை மறுபடி வந்து கேட்கிறேன், அப்போதும் இப்படியே இருந்தால் வண்டி அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். பழைய ஸ்பீக்கர்களை ஏற்கெனவே ஒரு பள்ளிக்குக் கொடுத்துவிட்டோம். இவையும் போனால் கூட்டமாக உட்கார்ந்து கேட்க எதுவும் இல்லை.

நான் முதலில் தகர மாமாவைத்தான் சந்தேகப்பட்டேன். ஹெட்போனை நேரே கணினியில் மாட்டிக் கேட்டால் பெயர், விலை, உணவகம் எல்லாம் முழுதாக வந்தன. அப்படியென்றால் மாமா சரியாகத்தான் பேசுகிறார், வழியில் யாரோ விழுங்குகிறார்கள். யார் என்று தெரியவில்லை. ஆம்ப்ளிஃபயரின் கையேட்டில் இதைப் பற்றி ஒரு வரி கூட இல்லை.

சார்தான் யோசனை சொன்னார். "அது பசியா இருக்குதுமா. முன்னாடி ஒரு வார்த்தயத் தீனியாப் போட்டுடு. அதத் தின்னுட்டு மிச்சத்த வுட்டுடும்."

சிரிக்காமல்தான் சொன்னார். எனக்கும் வேறு வழி தெரியவில்லை. எந்த வார்த்தையைப் போடுவது என்பதில் கூடமே பிரிந்தது. ஒருவர் வணக்கம் என்றார். வணக்கத்தை விழுங்க விடுவது மரியாதை இல்லை என்று இன்னொருவர் தடுத்தார். பத்மா அம்மா என்றாள். சார் அம்மாவைத் தின்னக் கொடுக்க முடியாது என்றுவிட்டார். சாமி பெயர் வேண்டவே வேண்டாம் என்பதில் எல்லோரும் ஒற்றுமை. போனால் யாரும் வருத்தப்படாத வார்த்தையாக வேண்டும். சாரே முடிவு செய்தார்: அடேய்.

தேர்வுக் கோப்புகள் எல்லாவற்றிலும், ஒவ்வொரு வரியின் முன்னாலும் 'அடேய்' சேர்க்க ஒரே கட்டளை போதும். போட்டேன். எல்லோரும் உட்கார்ந்தார்கள். முதல் கேள்வி சுத்தமாக வந்தது. அடேயைக் காணோம், பெட்டி தின்றுவிட்டது. நான் நிம்மதியாக மூச்சு விடுவதற்குள் தகர மாமா அடுத்த வரிக்குப் போனார்.

"அடேய், பல்லவர்களின் தலைநகரம் எது?"

யாரோ பின்னாலிருந்து களுக்கென்றார்கள். மாமா நிறுத்தவில்லை. அடேய், தமிழ் மெய்யெழுத்துகள் எத்தனை. அடேய், கீழ்க்கண்டவற்றுள் பொருந்தாததைத் தேர்ந்தெடு. ஏற்ற இறக்கமே இல்லாத அந்தத் தகரக் குரலில் கேள்விக்குக் கேள்வி ஒரு அதட்டல். பத்மாவுக்குச் சிரித்துச் சிரித்து விக்கல் எடுத்துவிட்டது. சார் வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டே, அடேய் காஞ்சிபுரம்டா என்று பெட்டிக்குப் பதில் சொன்னார். படிப்பு அன்றோடு சரி. நிறுத்தலாம் என்று யாராவது சொன்னால் இன்னும் ஒரு கேள்வி, இன்னும் ஒரு கேள்வி என்று கெஞ்சினார்கள்.

தண்ணீர் குடித்து விக்கலை அடக்கிக்கொண்டு பத்மாதான் பேசினாள்.

"நஸீமாக்கா, ஒண்ணு கவனிச்சீங்களா? சும்மா இருந்துட்டு ஆரம்பிச்சா அடேய் காணாமப் போவுது. நிக்காம பேசிக்கினு இருந்தா அடேய் கேக்குது."

நான் அவள் கையிலிருந்த தம்ளரையே பார்த்துக்கொண்டு நின்றேன். அது தின்பது பசியால் இல்லை. தூங்கி எழுந்திருக்க நேரம் ஆகிறது.

ஓடிப்போய் ஆம்ப்ளிஃபயர் பக்கத்திலிருந்து கேபிளை உருவி, அதன் நுனியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டேன். மாமாவைப் பேசச் சொன்னேன். கையில் சிவப்புப் புள்ளி. பேச்சு நின்றது. கொஞ்ச நேரம் புள்ளி இருந்தது, அப்புறம் அணைந்தது. மறுபடி பேசச் சொன்னேன். மறுபடி எரிந்தது. சத்தம் இல்லாதபோது கணினி மின்சாரத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று வெளிச்சத்தை அணைத்துவிடுகிறது. திரும்பப் போடும்போது ஆம்ப்ளிஃபயர் அதைப் பிடித்துப் புரிந்துகொள்ளக் கண்ணிமைக்கும் நேரம் வேண்டும். அதற்குள் முதல் எழுத்து ஓடிப்போகிறது. இத்தனை நாள் அவர்கள் காதால் கேட்டது பாதி, என் கண்ணுக்குத் தெரிய வேண்டியது மீதிப் பாதி. நான்தான் எட்டிப் பார்க்கவே இல்லை.

ஒலி அட்டையின் மின்சேமிப்பைப் பூஜ்யமாக்கினேன். கணினியை அணைத்துத் திரும்பப் போட்டேன். எல்லோரும் என்னைச் சுற்றி நின்றார்கள். உள்ளங்கையில் புள்ளி எரிந்தது, எரிந்தது, அணைந்துவிட்டது. நான் மூச்சு விட்டதிலிருந்தே தெரிந்துகொண்டார்கள்.

அப்புறம் நினைவு வந்தது. அட்டைக்கு மேலே, எல்லா நிரல்களின் ஒலியையும் வாங்கி அனுப்புகிற இன்னொரு நிரல் இருக்கிறது. அதன் அமைப்புக் கோப்பைத் திறந்தேன். சும்மா இருந்தால் ஒலி வழியை மூடிவிடு என்று ஒரு வரி அங்கே உட்கார்ந்திருந்தது. அதன் தலையில் '#' என்ற கட்டக் குறி போட்டு அதைச் செயலிழக்க வைத்தேன். நிரலை நிறுத்தித் திரும்ப ஓட விட்டேன். கேபிள் நுனி கையில்.

"இருக்குதா?" என்றார் சார்.

"இருக்குது சார்."

"இப்ப?" என்றாள் பத்மா.

"இருக்குது."

மாமா பேசி முடித்து வெகுநேரம் ஆகியும் ஆளாளுக்கு இருக்குதா, இருக்குதா என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள், நானும் இருக்குது, இருக்குது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பத்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு குதித்ததில் புள்ளி கை முழுக்க ஓடியது. முன்பு பேச்சு இல்லாதபோது கணினி எதையுமே அனுப்பாமல் இருந்தது. இப்போது மௌனத்தை இடைவிடாமல் அனுப்புகிறது என்று சாருக்குச் சொன்னேன்.

"ஒண்ணும் சொல்லாம இருக்கிறது வேற, ஒண்ணும் இல்லன்னு சொல்லிக்கினே இருக்கிறது வேற. அதானே?" என்றார். அவ்வளவேதான்.

கேபிளைத் திரும்பச் செருகினேன். அவரே விசையை அழுத்தினார். 'ஏகாம்பரம்' முழுதாக வந்து விழுந்தது. அவர் தலையைச் சாய்த்தபடியே நின்றார். பரவால்ல கூடச் சொல்லவில்லை. அதற்குள் மற்றவர்கள் தங்கள் பெயர், அம்மா பெயர், ஊர்ப் பெயர், வீட்டு ஆட்டின் பெயர் என்று வரிசை கட்டிவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை செயலாளர் வந்தார். அவரை வரவேற்கச் சில வரிகள், அவர் முதலில் வந்து போன அன்றே தட்டச்சு செய்து வைத்திருந்தோம். தேர்வுக் கோப்புகளிலிருந்து அடேயை எல்லாம் எடுத்துவிட்டேன். வரவேற்பு வரிகளும் அதே இடத்தில் இருந்ததால் அந்தக் கட்டளை அதிலும் அடேயை ஏற்றியிருந்தது யாருக்கும் தெரியவில்லை. செயலாளர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். சார் விசையை அழுத்தினார். அந்த அமைதியில், மோட்டார் இரைச்சல் துளியும் இல்லாமல், ஓர் எழுத்தும் குறையாமல் தகர மாமா அழைத்தார்.

"அடேய், செயலாளர் அவர்களே, வருக வருக."

பூமி பிளந்தால் இறங்கிவிடலாம் என்று நான் தரையைப் பார்த்தேன். பத்மா துப்பட்டாவை வாயில் திணித்துக்கொண்டாள். சார் மட்டும் பணிவாகக் கேட்டார்.

"முதல் வார்த்த முழுசாக் கேட்டுச்சிங்களா?"

செயலாளர் நாற்காலியின் கைகளைப் பிடித்து இன்னும் நிமிர்ந்தார். பிறகு, மேடைக் குரலிலேயே சொன்னார்: "மிகத் தெளிவாகக் கேட்டது. இது இங்கேயே இருக்கட்டும். கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளை வீட்டாரை இது இப்படி வரவேற்றால் சம்பந்தமே முறிந்துவிடும்." சொல்லி முடிப்பதற்குள் அவரே குலுங்க ஆரம்பித்துவிட்டார். அப்புறம் கூடத்தில் யாரையும் அடக்க முடியவில்லை. சுகன்யா கேட்டதற்குப் பதில் இதுதான்.

தேர்வு எழுதி, மாதங்கள் கழித்து, முடிவு வந்த அன்று பத்மா வீட்டில் பார்க்க மாட்டேன் என்று எங்களிடம் வந்துவிட்டாள். அண்ணன் வாசலிலேயே நின்றுகொண்டார், உள்ளே வரத் தைரியம் இல்லை. தேர்வு எண்ணை அவளே அடித்தாள். பக்கம் திறக்க வெகுநேரம் பிடித்தது. பத்மா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள். தகர மாமா அவள் பெயரைச் சொன்னார், எண்ணைச் சொன்னார், ஒரு கணம் நிறுத்தினார், அப்புறம் அதே உணர்ச்சியில்லாத குரலில் "தேர்ச்சி" என்றார்.

பத்மா மேசையை விடவே இல்லை.

"அக்கா, நீங்க பாத்துச் சொல்லுங்க," என்றாள் பத்மா. "அதுக்கு முன்னாடி ஏதாவது இருக்குதா?"

நான் திரையைப் பார்த்தேன். சந்தேகத்துக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு முறை பார்த்தேன்.

"முன்னாடி ஒண்ணும் இல்ல பத்மா. பின்னாடியும் ஒண்ணும் இல்ல. அது ஒரு வார்த்தைதான்."

ஏகாம்பரம் சார் தலையைச் சாய்த்து, இன்னொரு வாட்டி போடுமா என்றார். போட்டேன். வாசலிலிருந்து அண்ணன் ஓடி வந்தார், அவருக்காக ஒரு முறை. டீ கொண்டு வந்தவருக்காக ஒரு முறை. பத்மா அம்மாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கர் பக்கத்தில் பிடித்தாள், அதற்கு ஒரு முறை. அம்மாவுக்குக் கேட்கவில்லை என்றதும் மறுபடி ஒரு முறை. அன்று தகர மாமாவுக்குத் தொண்டை கட்டிக்கொள்ளாததுதான் ஆச்சரியம்.